ஹாஃப்கினின் பிளேக் ஊசி: கார்பாலிக் அமிலத்தை விட்டதால்தான் மல்கோவாலில் 19 பேர் இறந்தார்களா?

தாழைமடல் (கேள்வி)

வணக்கம். வால்டெமர் ஹாஃப்கின் பற்றிய கட்டுரை ஒன்றுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். காலராவுக்கும் பிளேக்குக்கும் ஊசி கண்டுபிடித்தார், மும்பை பரேலில் அவர் பெயரில் ஆய்வகம் இருக்கிறது, தன் உடம்பிலேயே முதலில் போட்டுக்கொண்டார். எங்கே தேடினாலும் இந்த மூன்று வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. மருந்தை எப்படித் தயாரித்தார் என்று யாரும் எழுதவில்லை. விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

1. ஆட்டுக்கறிச் சாற்றில் நெய் விட்டுக் கிருமியை வளர்த்தார் என்று ஒரு வரி கண்ணில் பட்டது. உண்மையா? நெய்க்கு அங்கே என்ன வேலை?

2. 1902-ல் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் இந்த ஊசி போட்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். மருந்தில் கார்பாலிக் அமிலம் (ஒரு கிருமிநாசினி) சேர்க்காததுதான் காரணம் என்கிறது ஒரு தரப்பு. ஊசி போட்ட இடத்தில், புட்டியைத் திறக்கும் இடுக்கி தரையில் விழுந்து மண் பட்டதுதான் காரணம் என்கிறது இன்னொன்று. நுண்ணுயிரியல்படி எது நிற்கும்?

3. அவர் டாக்டரா?

---

குடுவை

மூன்றாவதுக்கு ஒரு வரி போதும்: டாக்டர் இல்லை, விலங்கியல் படித்தவர். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். பின்னால் அவர் தலையில் விடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதை வேறு யாராவது எழுதட்டும். நான் முதல் கேள்விக்கு வருகிறேன்.

ஆட்டுக்கறி உண்மை. கிருமி வளர்க்க அந்தக் காலத்து ஐரோப்பிய ஆய்வகங்கள் மாட்டிறைச்சிச் சாற்றில் பெப்டோன், அதாவது பாதி செரித்த புரதம், கலந்து வைப்பார்கள். பெப்டோன் பெரும்பாலும் பன்றி வயிற்றின் செரிமான நொதியால் செய்தது. இந்தியாவில் ஒருவர் உடம்புக்குள் ஊசியால் செலுத்தும் பொருளில் மாடும் பன்றியும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஆட்டிறைச்சி, செரிக்க வைக்க நொதிக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பொடியாக அரிந்த கறியை அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் புரதம் உடைந்து கிட்டத்தட்ட பெப்டோன் மாதிரி ஆகிவிடும். பிறகு காஸ்டிக் சோடா விட்டு அமிலத்தை முறிப்பார்கள். அமிலமும் காரமும் சேர்ந்தால் மிஞ்சுவது சாப்பாட்டு உப்பு. ஆகவே ஊடகத்துக்குத் தேவையான உப்பும் அதே வேலையில் வந்துவிடுகிறது. லேசான காரத்தன்மையில் நிறுத்தி, வடிகட்டி, குடுவையில் ஊற்றிக் கிருமிநீக்கம் செய்தால் சாறு தயார்.

இனி நெய். பிளேக் கிருமிக்கு மிதக்கும் பிடிமானம் வேண்டும். சாற்றின் மேல் சில துளி நெய்யோ தேங்காய் எண்ணெயோ மிதந்தால், அந்தத் துளியின் அடிப்பக்கத்தில் கிருமி ஒட்டிக்கொண்டு கீழ்நோக்கி விழுது விழுதாக இறங்கும். ஆலம் விழுதையோ சுண்ணாம்புக் குகையின் கூரையில் தொங்கும் ஊசிகளையோ நினைத்துக்கொள்ளுங்கள். குடுவை ஆடக்கூடாது. மேசையை ஒருவர் இடித்தால் போதும், விழுது உடைந்து அடியில் படிந்துவிடும்.

ஹாஃப்கின் இதையே வசதியாக்கிக்கொண்டார். விழுது நன்றாக இறங்கியதும் வேண்டுமென்றே குடுவையைக் குலுக்குவார். மொத்தமும் கீழே போய்விடும். காலியான நெய்த்துளியில் அடுத்த போகம் முளைக்கும். இப்படிச் சில நாளுக்கு ஒருமுறை குலுக்கி, 5 முதல் 6 வாரத்தில் பல போகம் எடுத்தால் சாறு கெட்டியாகக் கிருமி நிறைந்திருக்கும். கிருமியின் உடலும், வாரக்கணக்கில் அது சாற்றில் கசியவிட்ட பொருளும் சேர்ந்துதான் மருந்து என்பது அவர் கணக்கு. உடலால் ஒரு பாதுகாப்பு, கசிவால் இன்னொன்று.

வெப்பநிலையிலும் அதிர்ஷ்டம் இருந்தது. இந்தக் கிருமிக்கு நம் உடல் சூடு தேவையில்லை, 27 முதல் 30 பாகை செல்சியஸில் நன்றாக வளரும். பம்பாயில் நிழலான அறை ஒன்று இருந்தாலே போதும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள்:

வேறு கிருமி நுழைந்தால் சாறு முழுக்கக் கலங்கும். பிளேக் மட்டும் இருந்தால் விழுதுக்கு இடையில் சாறு தெளிவாக நிற்கும். ஆக, குலுக்குவதற்கு முன் கண்ணால் பார்ப்பதே முதல் சோதனை. இரண்டாவது, ஒரு துளியை அகாரில் (கிருமி வளர்க்கும் கடற்பாசிக் கூழ்) தேய்த்துப் பார்ப்பது. பிளேக் மந்தமானது, கூட்டங்கள் கண்ணுக்குத் தெரிய இரண்டு நாள் ஆகும். மறுநாள் காலையிலேயே தட்டில் ஏதாவது தடித்து நின்றால் அது அழையா விருந்தாளி, குடுவையைக் கொட்டிவிட வேண்டியதுதான். இந்த இரண்டு சோதனையும் காற்றில் வளரும் கிருமியை மட்டுமே காட்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அது தேவைப்படும்.

கடைசியில் 65 முதல் 70 பாகையில் ஒரு மணி நேரம் சூடு. அதன்பின் 0.5 சதவீதம் கார்பாலிக் அமிலம், அதாவது லிட்டருக்கு 5 கிராம். வளர்ந்த ஆணுக்கு 2.5 முதல் 3 மி.லி., பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் குறைவாக. போட்ட அன்றே காய்ச்சல் ஏறும், 102 பாகை ஃபாரன்ஹீட் வரை போகலாம், கை வீங்கும், ஓரிரு நாள் வேலைக்குப் போக முடியாது. தினக்கூலிக்காரர்கள் ஊசிக்குப் பயந்ததை வெறும் மூடநம்பிக்கை என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு நாள் கூலி போவது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

---

தாழைமடல்

நன்றி ஐயா, நெய் விழுது விளக்கம் அருமை. ஒரு சந்தேகம். 70 பாகையில் ஒரு மணி நேரம் சூடாக்கிய பிறகு கார்பாலிக் எதற்கு? கிருமி ஏற்கெனவே செத்துவிட்டதே?

---

ஸ்போர்

பிளேக் கிருமி செத்துவிடும். கார்பாலிக் அதைக் கொல்வதற்காக இல்லை. பிறகு புட்டிக்குள் நுழைவது பெருகாமல் இருப்பதற்காக. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மல்கோவால் வழக்கு பாதி விளங்கிவிடும்.

முதலில் நடந்தது. 1902 இலையுதிர்காலத்தில் பஞ்சாப் அரசு மாகாணம் முழுக்கப் பெரிய அளவில் ஊசி போடத் திட்டமிட்டது. லட்சக்கணக்கில் மருந்து வேண்டும். 6 வாரம் காத்திருக்கும் சாற்று முறை தாங்காது என்று ஹாஃப்கின் தயாரிப்பை மாற்றினார். அகார் ஊடகத்துக்குப் போனார், கார்பாலிக்கையும் நிறுத்தினார், வெப்பம் மட்டும். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்திலும் அப்போது வெப்பத்தை மட்டுமே நம்பினார்கள் என்பதால் இது அவருடைய துணிச்சல் விளையாட்டு இல்லை.

1902 அக்டோபர் 30 அன்று மல்கோவாலில் 107 பேருக்கு ஐந்து புட்டிகளிலிருந்து ஊசி போட்டார்கள். அதில் 53-என் என்ற புட்டியிலிருந்து போட்டது 19 பேருக்கு. நவம்பர் 6-ல் டெட்டனஸ் அறிகுறி தெரிந்தது. 19 பேரும் இறந்தார்கள். மற்ற நான்கு புட்டிகளில் போட்டவர்களுக்கு டெட்டனஸ் வரவில்லை. ஆகவே 53-என் புட்டியில்தான் கோளாறு என்பதில் சண்டையே இல்லை. கிருமி எப்போது உள்ளே போனது என்பதுதான் சண்டை: செப்டம்பரில் பரேலில் நிரப்பும்போதா, அக்டோபர் 30-ல் கிராமத்தில் கார்க்கைத் திறக்கும்போதா?

பம்பாய் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு, பரேலில்தான் என்றது. கார்பாலிக்கை விட்டது பெரும் பிழை என்றும் சொன்னது.

இப்போது டெட்டனஸ் கிருமியின் குணத்தைப் பாருங்கள். அது ஸ்போராக, அதாவது தடித்த உறைக்குள் ஒடுங்கிய வித்தாக, உறங்கும். அந்த நிலையில் 70 பாகை ஒரு மணி நேரம் அதற்கு வெயில் காய்வது மாதிரி. 5 சதவீத கார்பாலிக்கில் போட்டாலும் பல மணி நேரம் தாங்கும். அப்படியிருக்க 0.5 சதவீதம் அதைக் கொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. அரை சதவீத கார்பாலிக் இருந்திருந்தால் ஸ்போர் முளைத்துப் பெருகாமல் புட்டிக்குள் சும்மா கிடந்திருக்கும். ஊசியில் ஏறி உடம்புக்குள் போனதும், கார்பாலிக் திசுநீரில் கரைந்து நீர்த்துவிடும். அங்கே முளைக்கத் தடை இல்லை.

ஆக, பரேலில் நுழைந்திருந்தால் கார்பாலிக் இல்லாதது குற்றத்தைப் பெரிதாக்கியிருக்கும்: மூடிய புட்டி, காற்று இல்லை, சத்தான திரவம், பல வாரம். டெட்டனஸ் அதற்குள் பொங்கி நச்சை நிறைத்திருக்கும். கிராமத்தில் திறக்கும்போது நுழைந்திருந்தால் கார்பாலிக் இருந்திருந்தாலும் அந்த 19 பேர் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. எனவே "கார்பாலிக் விட்டதால் இறந்தார்கள்" என்ற வாக்கியம் இரண்டு வழியிலும் நேராக நிற்காது.

எந்த வழி என்று முடிவுசெய்ய இரண்டு தடயம் இருக்கிறது.

ஒன்று, வாடை. டெட்டனஸ் வளர்ந்த திரவம் மூக்கைத் துளைக்கும், கருகிய கொம்பும் அழுகலும் கலந்த மாதிரி. புட்டியைத் திறந்த மருத்துவ அதிகாரி, முகர்ந்து பார்த்ததில் வாடை இல்லை என்று சாட்சி சொன்னார்.

இரண்டு, நாள் கணக்கு. பல வாரம் ஊறிய நச்சை நேரடியாகச் செலுத்தினால் முளைப்புக்கு அவகாசம் தேவையில்லை, அறிகுறி சீக்கிரமே வந்துவிடும். இங்கே ஏழு நாள் ஆனது. மண்பட்ட காயத்தில் டெட்டனஸ் வர ஆகும் சராசரி காலமும் ஏறத்தாழ ஒரு வாரம்தான். ஸ்போரோ சில கிருமியோ உள்ளே போய், அங்கே முளைத்து, பிறகு நச்சு உண்டாக்கியிருக்கிறது என்ற கதைக்கே இந்த ஏழு நாள் பொருந்துகிறது.

இதோடு மூன்றாவதாக இடுக்கியைச் சேர்த்துப் பாருங்கள். புட்டியின் அடைப்பை எடுக்கும் இடுக்கியை உதவியாளர் தரையில் போட்டுவிட்டார். தீயில் காட்டிச் சுத்தம் செய்ய வேண்டியதை, கார்பாலிக் கரைசலில் ஒரு முறை அலசிவிட்டு அதே இடுக்கியால் கார்க்கைத் திறந்தார். மாடு கட்டும் கிராமத்து மண், அதில் டெட்டனஸ் ஸ்போர் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அலசல் ஸ்போரை ஒன்றும் செய்யாது என்று மேலேயே சொன்னேன்.

---

மெழுகுமூடி

ஸ்போர் எழுதியதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் வாடைச் சாட்சியத்துக்கு அவ்வளவு எடை கொடுக்க மாட்டேன். அந்த அதிகாரி வெளியே மேசை போட்டு, கூட்டத்துக்கு நடுவில் புட்டியைத் திறந்தவர். அவரே சம்பந்தப்பட்ட கட்சியும்கூட. அதோடு, வாடை இல்லை என்பது அவருக்கே எதிரான சாட்சியம் என்பதையும் கவனிக்க வேண்டும். வாடை இருந்தது என்று சொல்லியிருந்தால் பழி முழுக்கப் பரேலுக்குப் போய் அவர் தப்பியிருப்பார். அப்படிச் சொல்லவில்லை. அதனால் சாட்சியம் நம்பத்தக்கதுதான், ஆனால் மூக்கு ஒரு அளவுகோல் இல்லை.

இன்னொரு கேள்வியும் வரும்: இடுக்கியில் ஒட்டிய துளி மண் 19 பேருக்கும் எப்படிப் போய்ச் சேரும்? இந்த மருந்தில் செத்த கிருமி அடியில் படியும். அதனால் ஒவ்வொரு முறையும் புட்டியைக் குலுக்கித்தான் உறிஞ்ச வேண்டும். குலுக்கினால் மண்ணும் பரவும். ஒரே புட்டியிலிருந்து பலருக்கு எடுக்கும் எந்த ஊசிக்கும் இதே ஆபத்து உண்டு.

பரேல் பக்கமும் ஓட்டை இல்லாமல் இல்லை. குடுவை சொன்ன மாதிரி, தெளிவு பார்ப்பதும் அகார் தேய்ப்பதும் காற்றில்லாக் கிருமியைக் காட்டாது. மருந்தில் டெட்டனஸ் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் காற்றை விலக்கி வளர்த்துப் பார்க்க வேண்டும், கினிப்பன்றிக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். இன்றைய தடுப்பூசி ஆலைகளில் காற்றில்லாக் கிருமியும் வளரக்கூடிய தயோகிளைகொலேட் ஊடகத்தில் 14 நாள் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலம்) 121 பாகை, 15 நிமிடம் வைத்தால் ஸ்போர் போய்விடுமே என்று கேட்கலாம். போய்விடும், பிளேக் மருந்தின் பாதுகாக்கும் சத்தும் அதோடு போய்விடும். அதனால்தான் 70-க்கு மேல் ஏற்ற முடியாமல், சுத்தமாக நிரப்புவதையும் கார்பாலிக்கையும் நம்ப வேண்டியிருந்தது. அதில் ஒன்றை எடுத்தபோது மற்றதை இரட்டிப்பாக்கியிருக்க வேண்டும். கார்பாலிக்கை எடுத்தது தவறு என்பேன். 19 உயிருக்கு அது காரணம் என்று சொல்ல மாட்டேன்.

---

தாழைமடல்

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அவரை ஏன் உடனே விடுவிக்கவில்லை?

---

பழந்தாள்

அங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வி வருகிறது.

ஹாஃப்கின் 1860 மார்ச் 15-ல் ஒடெசாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அங்கேயே பல்கலைக்கழகத்தில் மெச்னிகோவிடம் விலங்கியல் படித்தார். அரசியல் ஈடுபாட்டால் கைதும் ஆனார். மதம் மாறினால் பதவி என்றார்கள், மறுத்தார். 1888-ல் ஜெனீவாவில் உடலியல் கற்பித்தார், அடுத்த ஆண்டு பாரிஸின் பாஸ்டர் நிறுவனம். "பாஸ்டரின் விஞ்ஞானி" என்று எழுதுகிறார்கள்; அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை நூலக உதவியாளர். யெர்சின் இந்தோசீனாவுக்குக் கிளம்பியதால் ஆய்வகத்தில் ஒரு இடம் காலியாகி, அது இவருக்கு வந்தது. அதே யெர்சின்தான் 1894-ல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டார். முன்னவர் கண்ட கிருமிக்குப் பின்னவர் ஊசி செய்தார்.

காலரா ஊசி முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கினிப்பன்றியின் வயிற்றுக்குள் கிருமியைச் செலுத்தி, அது இறந்ததும் வயிற்று நீரை எடுத்து, சில மணி நேரம் காற்றுப்பட வைத்து, அடுத்த கினிப்பன்றிக்கு மாற்றுவது. இப்படி 20, 30 முறை கடத்தினால் கிருமியின் கொடுமை பல மடங்கு ஏறி ஒரு நிலையில் நிற்கும். வீரியத்தை நிலையாக்குவதுதான் இதன் சாரம். கிருமி தினம் ஒரு வீரியத்தில் இருந்தால் அளவு குறிக்கவே முடியாது. அதில் ஒரு பங்கை 39 பாகையில் இடைவிடாமல் காற்று செலுத்தி வளர்த்தால் பலவீனமாகும். முதலில் பலவீனமானது, சுமார் 5 நாள் கழித்துக் கொடியது. 1892 ஜூலை 18-ல் தனக்கே போட்டுக்கொண்டார்.

1893-ல் கல்கத்தா வந்தார். இரண்டு ஆண்டில் சுமார் 42,000 பேருக்குப் போட்டார். 1896 அக்டோபரில் பிளேக்குக்காகப் பம்பாய். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு அறையும் தாழ்வாரமும், ஒரு எழுத்தர், மூன்று பியூன்கள். மூன்று மாதத்தில் மருந்து. 1897 ஜனவரி 10-ல் தன் உடம்பில் 10 மி.லி., அதாவது பின்னர் மற்றவர்களுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

உங்கள் கட்டுரையில் பைகுல்லா சிறைக் கணக்கைப் போடுவீர்கள் என்று தெரியும். போடாத சுமார் 170 பேரில் 12 பேருக்கு நோய், 6 இறப்பு. போட்ட சுமார் 150 பேரில் இருவருக்கு நோய், இறப்பு இல்லை. ஆனால் ஊசி போட்ட அன்றே நோய் தெரிந்தவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஊசிக்கு முன்பே அவர்கள் உடம்பில் கிருமி இருந்திருக்கும் என்பது நியாயமான வாதம்தான், ஆனாலும் அதைச் சொல்லிவிட்டுக் கணக்கைப் போடுங்கள். போட்டுக்கொண்டவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்பது இன்னொரு பலவீனம்.

இதைவிட நல்ல கணக்கு பரோடா அருகே உந்தேரா கிராமத்தினுடையது, 1898 பிப்ரவரி. ஒவ்வொரு வீட்டிலும் பாதிப் பேருக்கு மட்டும் ஊசி. வயது, ஆண் பெண், உடல்நிலை முடிந்தவரை சமமாகப் பிரித்தார்கள். ஒரே கூரை, ஒரே எலி, ஒரே சாப்பாடு. பிளேக் நுழைந்த 28 குடும்பங்களில் ஊசி போட்ட 71 பேரில் 8 பேருக்கு நோய், 3 இறப்பு. போடாத 64 பேரில் 27 பேருக்கு நோய், 26 இறப்பு. இந்த ஒரு கணக்கு போதும் என்பது என் கருத்து.

1899 ஆகஸ்டில் பரேலின் பழைய அரசு மாளிகை அவர் ஆய்வகமானது. அங்கேதான் எரிச்சல். இந்திய மருத்துவப் பணி என்பது ராணுவப் பட்டம் பெற்ற பிரிட்டிஷ் டாக்டர்களின் கோட்டை. அதற்கு மேலே ஒரு ரஷ்யர், யூதர், டாக்டரும் இல்லை. மல்கோவால் வந்ததும் அவரைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஆள் இல்லை. பணிநீக்கம் போலவே ஆயிற்று. 1904-ல் ஐரோப்பா போய்விட்டார். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் கருத்தும் அவரை முழுசாக விடுவிக்கவில்லை. விசாரணை ஆவணங்கள் அச்சில் வெளிவந்த பிறகுதான் வெளியே இருந்தவர்களால் படிக்க முடிந்தது. மலேரியா ஆய்வாளர் ரொனால்ட் ராஸ் விடாமல் எழுதினார். 1907 ஜூலை 29-ல் லண்டன் டைம்ஸில் ராஸ், கிளைன், ஃப்ளெக்ஸ்னர் உள்ளிட்ட பத்துப் பேர் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. ஸ்போர் மேலே சொன்ன வாதங்கள் அநேகமாக அதில் உள்ளவை. அந்த ஆண்டு இறுதியில் விடுவித்தார்கள்.

கல்கத்தாவுக்குத் திரும்பினார், பரேல் கிடைக்கவில்லை. தடுப்பூசியைக் களத்தில் சோதிக்க அனுமதியும் இல்லை. முதல் உலகப் போர் தொடங்கிய சமயத்தில் ஓய்வுபெற்றுப் போனார். பரேல் ஆய்வகத்துக்கு அவர் பெயர் வைத்தது 1925-ல். 1930 அக்டோபர் 26-ல் லோசானில் இறந்தார்.

---

மெழுகுமூடி

ஒரு சின்னத் திருத்தம், கட்டுரையில் தப்பு நேராமல் இருக்க. மல்கோவால் அன்றைய பஞ்சாபின் குஜ்ராத் மாவட்டம், இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. உந்தேரா பரோடா பக்கம், இன்றைய குஜராத் மாநிலம். இரண்டையும் "குஜராத்" என்று எழுதிவிட்டு, ஊசி காப்பாற்றியதும் கொன்றதும் ஒரே ஊரில் என்பது போலச் சிலர் எழுதியிருக்கிறார்கள். நடுவில் ஆயிரம் கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. மாவட்டம், மாநிலம் என்று சேர்த்தே எழுதுங்கள்.

---

தாழைமடல்

அதே தப்பைத்தான் செய்யவிருந்தேன், நல்லவேளை. மூவருக்கும் பழந்தாள் ஐயாவுக்கும் நன்றி. உந்தேரா கணக்கை முன்னால் வைத்து, சிறைக் கணக்கைப் பின்னால் தள்ளுகிறேன்.